அடிக்கடி தலையிடி, கூடவே தசைத் துடிப்பு: எங்கே பிழை விடுகிறோம்

கெண்டைக்கால் சதை தோலுக்குள் தானாக நெளியும். கண் இமை, பெருவிரல் அடி, தொடை, தோள் என்று துடிப்பு இடம் மாறிக்கொண்டே இருக்கும். எழும்பி நடந்தால் அடங்கும், படுத்தால் திரும்ப வரும். ஆனால் பலம் குறையாது, சதை வற்றாது. நரம்பியல் நிபுணர் கை கால்களைச் சோதித்து, தேவையென்றால் ஈ.எம்.ஜி. (தசையின் மின்னியக்கத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்து, துடிப்பைத் தவிர வேறெதுவும் இல்லை என்று கண்டால் இதைத் தீங்கற்ற தசைத் துடிப்பு என்பார். இதோடு மாதத்தில் பாதி நாள் தலையிடியும் சேர்ந்தால், இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு, மூளையில் ஏதோ பெரிய வருத்தம் என்று மனம் தீர்ப்பு எழுதிவிடும்.

முதல் பிழை அதுதான். இந்தத் துடிப்பு தலையிடியை உண்டாக்குவதில்லை, தலையிடியும் துடிப்பை உண்டாக்குவதில்லை. நித்திரைக் குறைவு, மனப் பதற்றம், கஃபீன் ஆகியவை இரண்டையும் தனித்தனியே கிளறும், அவ்வளவுதான். ஆனால் ஒன்றுக்கென்று செய்யும் கைவைத்தியம் மற்றதைக் கூட்டிவிடும். கீழே சொல்லும் பிழைகளில் பாதி அந்தச் சந்தியில் நடப்பவை.

குளிசையை எண்ணுகிறோம், நாளை எண்ணுவதில்லை

500 மி.கி. பரசிட்டமோல் ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது என்று பலருக்குத் தெரியும். தெரியாதது நாள் கணக்கு. பரசிட்டமோல், இபுபுரோபன் போன்ற சாதாரண வலிக் குளிசைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துவந்தால், குளிசையே தலையிடிக்குக் காரணமாகிவிடும். கோடீன் (அபின் வகை வலி மருந்து) சேர்ந்தவை, மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலையிடிக்குரிய ட்ரிப்டான், எர்கொட்டமைன், பல மருந்து கலந்தவை என்றால் மாதம் 10 நாளே போதும். எப்போதாவது ஒரு நாளில் நான்கு குளிசை எடுத்துவிட்டு மிச்ச நாள் சும்மா இருப்பவருக்கு இந்தச் சிக்கல் வராது. "ஒன்றுதானே" என்று தினமும் ஒன்று போடுபவர்தான் மாட்டுவார்.

விடியும்போதே தலையிடியோடு எழும்புவது, குளிசையின் வேகம் குறைந்ததும் வலி திரும்புவது, இரண்டும் இதன் அடையாளம். சுவர்க் கலண்டரில் குளிசை எடுத்த நாளுக்கெல்லாம் ஒரு புள்ளி வையுங்கள். வாரத்துக்கு இரண்டு புள்ளிக்கு மேல் விழக் கூடாது. ஏற்கெனவே எல்லை தாண்டியவர் சாதாரணக் குளிசையை நிறுத்தினால், இரண்டு முதல் பத்து நாள் வரை தலையிடி கூடித்தான் பிறகு இறங்கும். இதைத் தெரியாமல் மூன்றாம் நாளே பாமசிக்கு ஓடுவதால்தான் பலருக்கு நிறுத்த முடியாமல் போகிறது. பரீட்சை, திருவிழா, கலியாணம் இல்லாத வாரமாகப் பார்த்து நிறுத்துங்கள். கோடீன் குளிசை தினமும் எடுத்தவர் மருத்துவரிடம் கேட்டே நிறுத்த வேண்டும்.

இன்னொரு சங்கிலியும் உண்டு. இபுபுரோபன் வயிற்றை எரிக்கும். எரிவுக்கு ஒமெப்பிரசோல் தொடங்கும். அதை நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் வருடக்கணக்கில் ஓடும். நீண்ட காலம் எடுத்தால் அது இரத்தத்தில் மக்னீசியத்தைக் குறைக்கலாம். மக்னீசியம் குறைந்தால் தசை துடிக்கும், பிடிப்பும் வரும். தலையிடிக்குப் போட்டது கெண்டைக்காலில் வந்து நிற்கிற வழி இதுதான்.

தலையிடிக்குச் சாயம் கூடின தேத்தண்ணி

ஒரு கோப்பை தேத்தண்ணியில் ஏறத்தாழ 30 முதல் 50 மி.கி. கஃபீன் இருக்கும், கோப்பியில் அதன் இரு மடங்கு. பனடோல் எக்ஸ்ட்ரா குளிசை ஒன்றில் 65 மி.கி. ஆக, இரண்டு குளிசையை வெறுந்தேத்தண்ணியோடு விழுங்கினால் ஒரே மடக்கில் 160 மி.கி. தாண்டும். தலையிடி அடங்கலாம், இரவு கண் இமையும் காலும் துடிக்கும், நித்திரை கெடும், மறுநாள் தலையிடி திரும்ப வரும்.

இதைக் கேட்டவுடன் தேத்தண்ணியை ஒரே நாளில் விடுவது அடுத்த பிழை. விட்ட 12 முதல் 24 மணிக்குள் தலையிடி தொடங்கும், ஒரு கிழமை வரை இழுக்கும். மூன்று நாளுக்கு ஒரு கோப்பை வீதம் குறையுங்கள், கடைசிக் கோப்பையைப் பகல் இரண்டு மணிக்கு முன் குடித்துவிடுங்கள். நோன்பும் கந்தசஷ்டி விரதமும் பிடிப்பவர்கள் இந்தக் குறைப்பை ஒரு கிழமை முன்பே தொடங்கினால், முதல் நாள் தலையிடியில் பெரும்பகுதி வராது.

வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று வீசும் நாட்களில் வியர்வை உடலிலேயே காய்ந்துவிடுவதால், எவ்வளவு நீர் போனதென்று தெரியாது. வெயிலில் நின்று வேலை செய்து உடுப்பில் உப்புப் பூத்திருந்தால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது: ஒரு பக்கட் ஜீவனியை (நீரிழப்புக்கான உப்புக் கரைசல் தூள்) ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுதாகக் கரைத்து, அந்த நாளுக்குள் குடியுங்கள். பாதிப் பக்கட் ஒரு கோப்பைக்கு என்று கண்ணளவில் கலக்க வேண்டாம், உப்பு கூடிவிடும். பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும். சிறுநீரக வருத்தத்துக்கு இளநீரும் ஆகாது.

"நரம்புக் குளிசை"

துடிப்பென்றதும் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி விட்டமின் பி அட்டை வாங்குவது பரவலான பழக்கம். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பி6 2 மி.கி.க்கும் குறைவு. சில குளிசைகளில் ஒன்றிலேயே 100 மி.கி.யும் மேலும் இருக்கும். மாதக்கணக்கில் எடுத்தால் அதுவே உணர்வு நரம்பைக் கெடுத்து, கால் விறைக்கவும் எரியவும் செய்யும். துடிப்போ அப்படியே இருக்கும். பி12 வேறு. மச்சம் சாப்பிடாதவர்களும், சீனி வருத்தத்துக்கு மெட்போமின் நீண்ட நாள் எடுப்பவர்களும் அதைச் சோதித்துப் பார்ப்பது நியாயம்.

மக்னீசியமும் அப்படியே. மைக்ரேனைத் தடுக்க மருத்துவர்கள் நாளொன்றுக்கு 400 முதல் 600 மி.கி. வரை கொடுப்பதுண்டு. அளவு கூடினால் வயிற்றோட்டம், அதனால் நீரிழப்பு, அதனால் தலையிடி. வடமத்திய மாகாணத்தை ஒட்டிய விவசாயக் கிராமங்களில் சிறுநீரக நோய் உள்ளதால், அந்தப் பக்கத்தவர்கள் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறதென்று காட்டும் இரத்தச் சோதனை) பார்க்காமல் மக்னீசியத்தைத் தொடக் கூடாது. உழுந்து, பயறு, கடலை, கீரை, கஜு சாப்பிட யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மருந்தின் குணத்தை நோய் என்று எண்ணுவது

மைக்ரேனுக்கு டொபிரமேட் தொடங்கினால் விரல் நுனியிலும் பாதத்திலும் ஊசி குத்துவதுபோல் இருக்கும். துடிப்பு உள்ளவர் அதைக் கண்டு, வருத்தம் பரவுகிறது என்று பயந்து மருந்தை விடுவார். அது அந்த மருந்தின் தெரிந்த பக்க விளைவு. முட்டுக்கு (ஆஸ்துமாவுக்கு) இழுக்கும் சல்பியூட்டமோல் கை நடுக்கத்தையும் துடிப்பையும் கூட்டும். முட்டு உள்ளவர் அதைச் சொல்லாமல் தலையிடிக்குப் புரோபிரனோலோல் வாங்கினால் மூச்சே இறுகலாம். பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு மைக்ரேனைத் தடுக்க வல்புரோவேட் தரப்பட்டால், கர்ப்பத்தில் அது சிசுவைப் பாதிக்கும் என்பதைத் தெரிந்திருக்க வேண்டும்.

தினமும் பலப் பரீட்சை

ஒற்றைக் காலில் முப்பது தரம் துள்ளிப் பார்ப்பது, கெண்டைக்காலை நாடாவால் அளப்பது, நாக்கைக் கண்ணாடியில் பார்ப்பது. களைத்த தசை கூடுதலாகத் துடிக்கும், அதைக் கண்டு பயம் கூடும், பயம் நித்திரையைக் கெடுக்கும். நீட்டிய நாக்கு யாருக்கும் சற்று நடுங்கும். அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் இத்தகைய தீங்கற்ற துடிப்புள்ள 121 பேரைப் பின்தொடர்ந்து 1993ல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருக்குக்கூட பிறகு இயக்கு நரம்பணு நோய் (தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும் நோய்) வரவில்லை. (கண் துடிப்புக்குப் பலன் பார்ப்பதில் ஆபத்தில்லை, நல்ல பலனாக மட்டும் பார்த்தால்.)

உண்மையில் பார்க்க வேண்டியது துடிப்பை அல்ல, இயலாமையை: சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமை, செருப்பு தானாகக் கழன்று பாதம் இழுபடுதல், பேச்சுக் குழறல், விழுங்கும்போது புரைக்கேறல், ஒரு பக்கச் சதை மெலிதல். இவற்றில் ஒன்று வந்தாலும் தாமதிக்காமல் காட்டுங்கள். திடீரென்று இடி விழுந்தாற்போல் உச்சத்தில் தொடங்கும் தலையிடி, கழுத்து விறைப்போடு காய்ச்சல், ஒரு பக்கம் பலமிழத்தல், பார்வை மறைதல், தலையில் அடிபட்ட பின் கூடிவரும் வலி என்றால் 1990 அம்புலன்ஸுக்கு அழைத்து வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 50 வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் தலையிடியையும் பழைய கணக்கில் சேர்க்க வேண்டாம்.

காய்ச்சலோடு வரும் தலையிடிக்குப் பழக்கத்தில் இபுபுரோபனோ டைக்ளோபெனாக்கோ அஸ்பிரினோ போடுவது நம் திருகோணமலை மாவட்டத்தில் பெரிய ஆபத்து. 2017ல் கிண்ணியாவை டெங்கு எப்படி வாட்டியது என்று எல்லோருக்கும் தெரியும். டெங்கில் இவை இரத்தக் கசிவைக் கூட்டும். பரசிட்டமோல் மட்டும் எடுங்கள், இரத்தப் பரிசோதனைக்கும் போங்கள்.

கிளினிக்குக்கு வெறுங்கையோடு போவதும் பிழைதான். அங்கே உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம், அந்த நேரம் பார்த்துத் துடிப்பு வராது. வரும்போது போனில் அரை நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். புள்ளி வைத்த கலண்டர் தாள், எடுக்கும் எல்லாக் குளிசைகளின் அட்டை, ஆயுர்வேத மருந்து இருந்தால் அதன் போத்தல் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். தைரொயிட், கல்சியம், மக்னீசியம், பொட்டாசியம், பி12 முன்பு பார்த்திருந்தால் அந்த அறிக்கைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதே சோதனைக்குத் திரும்பக் காசு கட்ட வேண்டியிராது.