பாட்டிலுக்குச் சாயம் பூசுவது அறிவியல் ஆகாது

கழிவுப் பொருள்களில் செயல்திட்டம் செய்யும் பள்ளி அறிவியல் கண்காட்சி நெருங்கினால், நெல்லை மாவட்டத்தில் பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் வீட்டுக்கு வீடு காலி பாட்டில்கள் சேரத் தொடங்குகின்றன. தங்க நிறச் சாயம் பூசிய பூச்சாடியாகவோ சணல் சுற்றிய பேனா தாங்கியாகவோ அவை மேசையேறுகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை அதைச் செய்து முடித்தபின் புதிதாக எதைத் தெரிந்துகொண்டது? பொருளைச் செய்யச் சொல்கிறோம், கேள்வி கேட்கச் சொல்வதில்லை. மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய்த் தவறு இதுதான்.

அதே தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்வோம். பாட்டிலிலிருந்து ஒரு துண்டு, மூடியிலிருந்து ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். மூடித் துண்டு மிதக்கும், பாட்டில் துண்டு மூழ்கும். மெல்லிய துண்டில் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுக் கிளறினால் சரியாகிவிடும். இரண்டும் பிளாஸ்டிக்தானே, ஏன் இப்படி? தண்ணீரின் அடர்த்தி 1 என்றால், பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கின் அடர்த்தி ஏறத்தாழ 1.38. மூடி பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். அடர்த்தி ஒன்றுக்கும் குறைவு. மறுசுழற்சி ஆலைகளிலும் இவற்றை இப்படி மிதக்கவிட்டுத்தான் பிரிக்கிறார்கள். இனி, அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று (பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் குறி) போட்ட, நுரையில்லாத கெட்டி டப்பா ஒன்றை வெட்டிப் போடுங்கள். மூழ்கும். தண்ணீரில் லிட்டருக்கு 150 கிராம் அளவில் உப்பைக் கரைத்தால் அதுவே மேலே வரும். பாட்டில் துண்டு அப்போதும் அடியிலேயே கிடக்கும். எவ்வளவு உப்பில் எது எழுகிறது என்று நோட்டில் குறிக்கத் தொடங்கிய பிள்ளையை அதன் பிறகு யாரும் உந்தவேண்டியதில்லை.

அடுத்தது, பெரியவர்கள் புகுந்து முடித்துக் கொடுப்பது. பணகுடி, ராதாபுரம் பக்கம் பஸ்ஸில் போகும் பிள்ளைகள் காற்றாலைகளைப் பார்த்தே வளர்கிறார்கள். ஆகவே நம் ஊர்க் கண்காட்சியில் காற்றாலை இல்லாமல் இருக்காது. உடைந்த பொம்மைக் காரின் மோட்டாரில் அட்டை இறக்கை மாட்டி ஆடிக் காற்றில் பிடித்தால், இறக்கை சுற்றும், எல்இடி எரியாது. இந்த இடத்தில் அப்பா பின்பக்கம் இரண்டு பென்சில் செல்களை மறைத்து வைத்து விளக்கை எரியவைத்துவிடுகிறார். இதைவிடப் பெரிய கெடுதலைப் பிள்ளைக்கு யாரும் செய்ய முடியாது. சிவப்பு எல்இடி எரிய ஏறத்தாழ 2 வோல்ட் வேண்டும். பொம்மை மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது அவ்வளவு தராது. வோல்ட் அளக்கும் கருவியான, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரைக் கையில் கொடுத்து அளக்கவிடுங்கள். பெரிய சக்கரத்திலிருந்து சிறிய சக்கரத்துக்கு ரப்பர் வளையம் மாட்டி வேகத்தைக் கூட்டலாமா? பழைய பிரிண்டரின் மோட்டாரைப் போட்டால் எவ்வளவு வருகிறது? இறக்கையின் சாய்வை மாற்றினால்? எல்இடியின் கால்களை மாற்றி மாட்டினால்? அந்த எரியாத விளக்கில் ஒரு மாதத்துக்கான பாடம் இருக்கிறது. “விளக்கு எரியவில்லை, ஏனென்றால் 0.8 வோல்ட்தான் வந்தது” என்று சொல்லும் மாணவிக்கு முதல் பரிசு தரும் நடுவர்கள் நமக்கு வேண்டும்.

மறுசுழற்சிச் செயல்திட்டத்துக்குப் புதுத் தெர்மகோலும் வண்ணத் தாளும் கடையில் வாங்குவது இன்னொன்று. பழைய இரும்புக்கடைக்குப் பிள்ளையை அழைத்துப் போனாலே பாதி வேலை முடிந்துவிடும். களக்காடு, சேரன்மகாதேவி பக்கம் வாழைத் தார் வெட்டியபின் தோட்டத்தில் கிடக்கும் மட்டையைவிட நல்ல மூலப்பொருள் எது? பழைய நோட்டுத் தாளை ஊறவைத்து அரைத்து வலையில் வடித்தால் தாள் கிடைக்கும். ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் இழைகள் குட்டையாகி அது வலுவிழக்கும். வேகவைத்து இடித்த வாழைநாரைச் சேர்த்து இன்னொரு தாள் செய்து, இரண்டிலும் நாணயங்களைக் கட்டித் தொங்கவிட்டு எது முதலில் கிழிகிறது என்று பார்க்கலாம். கழிவுப் பொருள்களிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்து 2018இல் பத்மஸ்ரீ பெற்ற அரவிந்த் குப்தாவின் செய்முறைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பெண் பிள்ளைக்குக் காகிதம், ஆண் பிள்ளைக்கு மோட்டார் என்று பிரிப்பதை இன்றே நிறுத்துங்கள்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. செம்புக்காக ஒயரை எரிக்கவிடாதீர்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் என்ற நச்சுகள் இருக்கும். போன் பேட்டரியைக் குத்தினால் தீப்பிடிக்கும். குழல்விளக்கிலும் சிஎஃப்எல் விளக்கிலும் பாதரசம் இருக்கிறது. பழைய டிவியின் உள்ளே, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தேங்கியிருக்கும். இவை பிள்ளைகள் கைக்கே வரக் கூடாதவை. மற்றவற்றை அவர்களே கழற்றட்டும். திருகாணி காணாமல் போனால் போகட்டும்.

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் 1987 முதல் இயங்கும் மாவட்ட அறிவியல் மையத்துக்கு எல்லாப் பள்ளிகளும் போகின்றன, பெரும்பாலும் சுற்றுலாவாக. வேலை பாதியில் சிக்கி நிற்கும் நேரத்தில், நோட்டோடு அழைத்துப் போய்ப் பாருங்கள். முன்பு ஓடிக் கடந்த காட்சிப்பொருள்களின் முன்னே பிள்ளைகள் நின்று குறிப்பெடுப்பார்கள்.