பச்சிளம் குழந்தையின் பிளேட்லெட் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி

பிறந்து 2 நாள் ஆன குழந்தை. ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 90,000 என்று தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்திலேயே கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. பதறுவதற்கு முன்னால் ரத்தத்தை எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். குதிகாலில் குத்தி, சொட்டு வராமல் பிதுக்கிப் பிதுக்கிக் குழாயில் சேர்த்திருந்தால், அதற்குள் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும், மெஷினும் அந்தக் கொத்தை வேறு ஏதோ செல் என்று நினைத்து எண்ணாமல் விட்டுவிடும். ரத்தநாளத்திலிருந்து நேராக எடுத்து மறுபடி பார்க்கச் சொல்வதில் தப்பே இல்லை.

மறுபடியும் குறைவுதானா? சரி, அடுத்து எத்தனை வாரத்தில் பிறந்தது என்று பாருங்கள். ரிப்போர்ட்டில் இருக்கும் 1.5 லட்சம் என்ற கீழ் எல்லை எல்லா வயதுக்கும் பொதுவாக அச்சடித்தது. குறைமாதக் குழந்தைகளில் வேறு தொந்தரவே இல்லாமல் 1.2 லட்சம் என்று இருப்பது அபூர்வமில்லை.

ஏன் அப்படி என்பது புரிந்தால் பாதி பயம் போய்விடும். எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்ற பெரிய செல்லிலிருந்துதான் பிளேட்லெட் உதிர்கிறது. சாதாரண செல்லில் 2 செட் குரோமோசோம் என்றால், பெரியவர்களின் மெகாகேரியோசைட்டில் பெரும்பாலும் 16 செட், அவ்வளவு பெருத்திருக்கும். குழந்தையினுடையது 2, 4 செட்டிலேயே முதிர்ந்து, சின்னதாகவே நின்றுவிடும், ஒவ்வொன்றும் தருவதும் கொஞ்சம்தான். அந்தக் குறையை எண்ணிக்கையால் ஈடுகட்டுகிறது குழந்தையின் உடம்பு. மூலச் செல்கள் பெரியவர்களைவிடப் பல மடங்கு பெருகும். இதற்கெல்லாம் உத்தரவு போடுவது, பெரும்பாலும் கல்லீரலில் சுரக்கும் த்ராம்போபொயட்டின் என்ற ஹார்மோன். அதை உறிஞ்சிக்கொள்வதும் பிளேட்லெட்டுகளே. அவை குறைந்தால் ஹார்மோன் ரத்தத்தில் மிஞ்சி மஜ்ஜையைத் தட்டி எழுப்பும். பெரியவர்களுக்கு அப்போது செல்லின் அளவு, எண்ணிக்கை இரண்டும் கூடும். குழந்தைக்கு எண்ணிக்கை மட்டும்தான் கூடும். நிறைமாதக் குழந்தை இதை வைத்தே சமாளித்துவிடும், ஆனால் ஏற்கெனவே முழு மூச்சில் ஓடிக்கொண்டிருக்கும் குறைமாதக் குழந்தைக்கு ஒரு கிருமித்தொற்று வந்தால், அதற்கு மேல் கொடுக்க அதனிடம் எதுவும் இருக்காது.

அப்புறம் நேரம். என்னைக் கேட்டால் எண்ணிக்கையைவிட இதுதான் முக்கியம். முதல் 72 மணி நேரத்துக்குள் லேசாகக் குறைந்தால், அதுவும் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருந்து வயிற்றிலேயே வளர்ச்சி குறைந்த குழந்தை என்றால், பெரும்பாலும் நச்சுக்கொடியின் கோளாறு. 4, 5-ஆம் நாள் அடிமட்டத்தைத் தொட்டு 10 நாளுக்குள் தானே ஏறிவிடும். 72 மணி நேரத்துக்குப் பிறகு சடசடவென்று இறங்கினால் முதலில் தொற்று, இல்லையென்றால் குடல் அழற்சி என்று சந்தேகிக்க வேண்டும். அது காத்திருக்கிற விஷயமில்லை.

இன்னொன்று. நிறைமாதம், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முதல் நாளே 50,000-க்குக் கீழே. அப்பாவிடமிருந்து வந்த பிளேட்லெட் வகையை அம்மாவின் எதிர்ப்பணுக்கள் தாக்கியிருக்கலாம். மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு, அதனால் தலை ஸ்கேன் அன்றைக்கே எடுக்க வேண்டும்.

"குறைவு என்றால் பிளேட்லெட் ஏற்றிவிடலாமே" என்று டாக்டரிடம் சண்டை போடாதீர்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்த 660 குழந்தைகளை வைத்து நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், 50,000-க்குக் கீழே போனதுமே ஏற்றிய குழுவில் 100-க்கு 26 பேருக்கு மரணமோ பெரிய ரத்தக்கசிவோ நேர்ந்தது, 25,000 வரை பொறுத்த குழுவில் 19 பேருக்கு. ரத்தக்கசிவு இல்லாத குறைமாதக் குழந்தைக்கு 40,000-இல் காத்திருப்பது அலட்சியமில்லை.

மஜ்ஜை புதிதாகச் செய்து அனுப்பச் சில நாட்கள் ஆகும், நாளைக்கே எண்ணிக்கை ஏறவில்லை என்று நொந்துகொள்ள வேண்டாம். ரிப்போர்ட்டில் ஐ.பி.எஃப் என்று ஒரு வரி இருந்தால் அதைப் பாருங்கள், அது இளம் பிளேட்லெட்டுகளின் விகிதம். எண்ணிக்கை அசைவதற்கு முன்பே அது ஏறத் தொடங்கும்.