பழைய தோட்ட டிராக்டருக்கு பேட்டரி ஸ்டாண்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்டரி ஸ்டாண்ட் செய்ய உட்காரும்போது பலருக்கும் முதலில் தோன்றுவது எடைதான். சிறிய டிராக்டரின் 12 வோல்ட் பேட்டரி பெரும்பாலும் 10 கிலோவைச் சுற்றியே இருக்கும். 3 மி.மீ. கன ஆங்கிள் (L வடிவ இரும்பு) அதைத் தாராளமாகத் தாங்கும். ஆனால் பேட்டரி ஆடாமல் இருக்கிறதா, கேபிள் மாட்டும் அதன் முனைகளில் (டெர்மினல்) எங்கும் இரும்பு தொடாமல் இருக்கிறதா என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

அடிப்பகுதியைப் பலமாகச் செய்துவிட்டு, மேலே ஒரு ரப்பர் பட்டையை மட்டும் இழுத்து மாட்டுவது பெரிய தவறு. ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வில் பேட்டரிக்குள் தகடுகளில் உள்ள ஈயப் பூச்சு உதிர்ந்து அடியில் சேரும். பேட்டரி சீக்கிரமே செத்துப்போகும். இருபக்கமும் நீளமான போல்ட், குறுக்கே ஒரு பட்டை, கழன்றுபோகாத நைலான் நட் என்று இறுக்குங்கள். மூடி வளையும் அளவுக்கு முறுக்க வேண்டாம்.

அந்தக் குறுக்குப் பட்டையே ஆபத்தாகவும் மாறலாம். அது நகர்ந்து இரண்டு முனைகளையும் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து இரும்பு பழுக்கும். பட்டைக்கு ரப்பர் உறை போடுங்கள், பாசிட்டிவ் முனைக்கு மூடி போடுங்கள். பானெட்டையும் மறக்க வேண்டாம். கேபிள் மாட்டுவதற்கு முன்பு முனைகளின் மேல் களிமண் உருண்டை வைத்து பானெட்டை மூடித் திறந்தால், எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது அளவு. பேட்டரிக்குச் சரியாகப் பிடிக்கும்படி சட்டத்தை அளந்து வெட்டினால், வெல்டிங் சூட்டில் மூலைகள் உள்வாங்கி பேட்டரி இறங்காது. ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. விடுங்கள், மீதியை ரப்பர் ஷீட் நிரப்பும். கேபிள் எந்தப் பக்கத்தில் வருகிறது, சைலன்சர் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் அப்போதே பாருங்கள்.

பேட்டரி வண்டியில் இருக்கும்போது வெல்டிங் செய்யவே கூடாது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். பேட்டரியைக் கழற்றித் தள்ளி வையுங்கள். கழற்றும்போது பாடியோடு இணைந்த முனை முதலில். மாட்டும்போது அதுவே கடைசி. மிகப் பழைய சில வண்டிகளில் பாசிட்டிவ்தான் பாடியில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டை வெளியே வைத்து வெல்டிங் செய்து போல்ட்டில் பொருத்துவதே நல்லது. வண்டியிலேயே ஒட்ட வேண்டுமென்றால் வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்தில் கடியுங்கள். தூரத்தில் கடித்தால் மின்சாரம் பேரிங்குகள் வழியாகப் போய் அவற்றைக் கெடுத்துவிடும்.

துத்தநாகம் பூசிய இரும்பு என்றால் ஒட்டும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்த பிறகே வெல்டிங் செய்யுங்கள். துத்தநாகம் எரிந்து வரும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

கடைசியாக ஆசிட். அடித்தட்டில் தண்ணீர் வடிய துளை வையுங்கள். பழைய ஆசிட் கறை இருந்தால் சோடா உப்பு கரைத்த நீரில் கழுவி, காய்ந்த பிறகு ப்ரைமரும் எபாக்சி பெயிண்டும் அடியுங்கள். சாதாரண எனாமல் அதிக நாள் நிற்காது.