பூசணிக் கூழில் மீன் வாடை: நான் தீர்த்த விதம்

திருகோணமலையில் எங்கள் வீட்டு உறைபெட்டியில் மீன் இல்லாத நாள் குறைவு. மகளுக்கு 6 மாதம் நிறைந்ததும் பூசணி, கரட், மைசூர்ப் பருப்பு எல்லாம் தனித்தனியாக அவித்து, உப்புச் சேர்க்காமல் மசித்து, ஐஸ் தட்டில் உறையவைக்கத் தொடங்கினேன். சூடாக்கியபோது பூசணியில் பாரை மீன் வாடை! பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டாள்.

மூடியில்லாத தட்டில் வாடை எளிதாக ஏறும். உறைபெட்டியின் உலர்ந்த காற்று ஈரத்தையும் இழுத்துவிடும். இப்போது மூடியுள்ள தட்டில்தான் ஊற்றுகிறேன். கட்டியானதும் உறைபதனப் பைக்கு மாற்றி, காற்றை நன்றாக அழுத்தி வெளியேற்றி, திகதி எழுதி, அந்தப் பையை இறுக்கமான மூடியுள்ள டப்பாவுக்குள் வைக்கிறேன். மீனுக்கும் தனி டப்பா. வாடை அடியோடு நின்றுவிட்டது.

நம் ஊர் வெக்கையில் கூழை மேசையில் ஆறவிடவே கூடாது. சட்டியைக் குளிர்ந்த நீரில் வைத்துக் கிளறினால் விரைவில் ஆறும். 2 மணி நேரத்துக்குள் உறைபெட்டிக்குள் போய்விட வேண்டும். ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுகிறேன். உருளைக்கிழங்கு உருகும்போது நீர் பிரிந்து திரிதிரியாகிவிடுவதால் அதை அன்றன்றே அவிக்கிறேன்.

முதல் நாள் இரவே தேவையான கட்டிகளைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவைத்து ஊட்டுகிறேன். கரண்டி பட்ட மிச்சத்தையும், மின்வெட்டில் முழுதாக உருகிப்போனதையும் மறுபடி உறையவைப்பதில்லை.