பிளேயரில் ஷார்ட்கட் வேலை செய்யவில்லையா? கீபோர்டைக் கழற்றுவதற்கு முன்

கோத்தகிரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் டிஷ்ஷில் படம் உடைந்து உடைந்து வரும். ஃபைபர் லைன் இருக்கிற வீடுகளில் செய்தி, சீரியல் எல்லாம் லேப்டாப்புக்கு மாறிவிடும். அப்புறம் கடைக்கு வரும் புகார் இதுதான்: "எஃப் அழுத்தினா ஃபுல் ஸ்கிரீன் ஆகல, எம் அழுத்தினா சத்தம் நிக்கல." தொழில் பழக வரும் பையன்கள் இதில் செய்கிற தவறுகள், நான் பழகிய காலத்தில் செய்யப்பட்ட அதே தவறுகள்தான். நெட் இருக்கிறதா, பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தாயா என்பதை எல்லாம் விட்டுவிடுகிறேன்.

கீ செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது

வாடிக்கையாளரின் பணம் போவது இந்தத் தவறில்தான். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. மலையில் வேலை பழகுகிறவனுக்கு முதல் சந்தேகம் ஈரத்தின் மேல்தான் வரும். அதில் நியாயமும் இருக்கிறது. மேகம் ஜன்னல் வழியே வீட்டுக்குள் வருகிற ஊர் இது, போர்டில் பச்சை பூத்து வரும் லேப்டாப்புகள் இங்கே சாதாரணம். ஆனால் ஈரம் ஒரு கீயைக் கெடுத்தால் எல்லா இடத்திலும் கெடுக்கும். பிளேயரில் மட்டும் கெடுக்காது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு அமைப்பில் வேகமாக அடிப்பவர். டிவி தளத்தின் தேடல் பெட்டியில் நிகழ்ச்சியின் பெயரைத் தமிழில் அடித்து, படத்தை ஓடவிட்டு, எஃப் அழுத்தியிருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. முதலில் கொண்டுபோன கடையில், வேலை பழகும் பையன் பிளேயரிலேயே எஃப், கே, எம் மூன்றையும் அழுத்திப் பார்த்துவிட்டு, "பனி இறங்கிடுச்சு சார், மூணு கீயும் போச்சு" என்று சொல்லியிருக்கிறான். அந்த மாடலில் கீபோர்டு மேல் பேனலோடு பிளாஸ்டிக் ரிவெட்டில் பிணைந்திருக்கும். நெம்பி எடுத்தால் ரிவெட் உடையும், பேனலையே மாற்ற வேண்டும். கோவையிலிருந்து பேனல் வந்து மாட்டியும் ஆயிற்று. வீட்டுக்குப் போய் மறுபடி தமிழில் தேடி, மறுபடி எஃப் அழுத்தினால் அதே கதை. என்னிடம் வந்து, "புதுசு போட்டும் இப்படித்தான் இருக்கு தம்பி" என்றார். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் அழுத்தி மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றினேன். எஃப் வேலை செய்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நடந்தது இதுதான். தேடல் பெட்டிக்காகப் போட்ட தமிழ், படம் ஓடத் தொடங்கிய பிறகும் அப்படியே இருந்திருக்கிறது. தமிழ்99-இல் எஃப் இருக்கும் இடத்தில் ஆய்தம், கே-யில் ம, எம்-மில் ர. சில பிளேயர்கள் எந்த இடத்துக் கீ அழுத்தப்பட்டது என்று பார்க்கும். அவற்றுக்கு மொழி ஒரு பொருட்டில்லை. சில பிளேயர்கள் வந்த எழுத்து எது என்று பார்க்கும். அவற்றுக்கு எம் போகவில்லை, ர போயிருக்கிறது. ர வந்தால் சத்தத்தை நிறுத்து என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. ஒரே லேப்டாப்பில் ஒரு தளத்தில் ஷார்ட்கட் வேலை செய்து இன்னொன்றில் செய்யாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கண்டுபிடிப்பதும் எளிது. ஸ்பேஸ்பாரும் அம்புக்குறிகளும் வேலை செய்து, எழுத்துக் கீகள் மட்டும் மௌனமாக இருந்தால் முதலில் மொழியைப் பாருங்கள். அந்தக் கீகள் மொழி மாறினாலும் மாறுவதில்லை. அப்புறம் அதே பிரவுசரில் மேலே முகவரிப் பட்டையைக் கிளிக் செய்து எம் அடியுங்கள். ர விழுந்தால் விஷயம் முடிந்தது. நோட்பேடில் அடித்துப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒவ்வொரு விண்டோவுக்கும் தனி மொழி வைக்கும் வசதி விண்டோஸில் இருக்கிறது. அது ஆனில் இருந்தால் நோட்பேடில் ஆங்கிலமும் பிரவுசரில் தமிழும் இருக்கும்.

எங்கே கிளிக் செய்தோம் என்று பார்க்காமல் விடுவது

கீ அழுத்தினால் அது கடைசியாகக் கிளிக் செய்த இடத்துக்குத்தான் போகும். பல சேனல் தளங்களில் பிளேயர், பக்கத்துக்குள் பதிக்கப்பட்ட இன்னொரு பக்கம். வெளியே இருக்கும் நிகழ்ச்சிப் பட்டியலைத் தொட்டுவிட்டு ஸ்பேஸ் அழுத்தினால் படம் நிற்காது, பக்கம் கீழே இறங்கும். படத்தின் மேல் ஒருமுறை கிளிக் செய்தால் சரியாகிவிடும். அதிலும் பட்டன் மேல் கிளிக் செய்யாதீர்கள். ஒலி பட்டனை மவுஸால் தொட்ட பிறகு ஸ்பேஸ் அழுத்தினால், பல பிளேயர்களில் அந்த ஒலி பட்டன்தான் மறுபடி அழுத்தப்படும். படம் ஓடிக்கொண்டே சத்தம் மட்டும் போகும். பையன்கள் உடனே சவுண்ட் டிரைவரைக் கழற்றி மாட்டத் தொடங்குகிறார்கள்.

எல்லாவற்றையும் துடைப்பது

எது என்றாலும் பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் கேஷ், குக்கீ இரண்டையும் துடைக்கும் பழக்கம் எப்படி வந்ததோ தெரியவில்லை. குக்கீ போனால் லாகின் போகும். சந்தா பெங்களூரில் இருக்கும் மகன் பெயரில், ஓடிபி அவர் செல்லுக்கு. அவர் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பார். ஷார்ட்கட் கோளாறு பார்க்க வந்த அம்மாவுக்கு அன்று சாயங்காலம் டிவியே இல்லை. துடைக்காதீர்கள். பிரவுசரின் மறைநிலை விண்டோவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரோடு சேர்த்துப் போடும் சின்ன புரோகிராம்கள், வழக்கமாக அதில் ஓடாது. அங்கே ஷார்ட்கட் வேலை செய்தால் எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக ஆஃப் செய்து பாருங்கள். வீடியோ வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்டென்ஷன்கள் எஸ், டி போன்ற எழுத்துகளைத் தங்களுக்கென்று பிடித்து வைத்திருக்கும்.

நேரலையில் வலது அம்புக்குறி

படத்தை முன்னால் தள்ளும் கீ அது. நேரலையில் வேலை செய்யாவிட்டால் கோளாறு இல்லை, முன்னால் தள்ள எதுவும் இல்லை. விளம்பரத்திலும் தள்ள விடமாட்டார்கள்.

கேப்ஸ் லாக்

விளக்கு எரிகிறதா, அணையுங்கள். சில பிளேயர்களுக்குச் சின்ன எழுத்து மட்டும்தான் தெரியும்.

கீ உண்மையிலேயே போயிருந்தால்

விண்டோஸ், கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் ஒரு கீபோர்டு வரும். படத்தைக் கிளிக் செய்துவிட்டு அதில் எஃப் அழுத்துங்கள். அது வேலை செய்து, நிஜ எஃப் எங்கேயும் எழுத்தைத் தராவிட்டால் மட்டும் கீயைச் சந்தேகப்படுங்கள். அப்போதும் உடனே கழற்ற வேண்டாம். யூஎஸ்பி கீபோர்டு ஒன்றை மாட்டிக் கொடுத்து அனுப்புங்கள். மாடல் எண்ணை வைத்து, கீபோர்டு தனியாக வருமா, பேனலோடு வருமா என்று கோவைக்குப் போன் செய்து விலை கேளுங்கள். அதை வாடிக்கையாளரிடம் சொல்லி, அவர் சரி என்ற பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.