டபிள் கிளேசிங் யன்னல்: கையெழுத்து வைக்க முன்னர் பார்க்க வேண்டியவை

இங்கிலாந்தில் வீட்டுக்கு டபிள் கிளேசிங் (இரண்டு கண்ணாடியை இடைவெளி விட்டு ஒட்டி மூடிய) யன்னல் மாற்ற ஆளைக் கூப்பிட முன்னர், இருக்கிற யன்னலுக்கு உண்மையில் என்ன பிழை என்று ஒருக்கா வடிவாகப் பாருங்கள். காலையில் கண்ணாடியின் உட்பக்கம் தண்ணீர் வழிந்தால் அது பெரும்பாலும் சமையலாலும் குளியலாலும் அறைக்குள் உடுப்புக் காயப்போடுவதாலும் வருகிற ஈரம், காற்றோட்டம் இல்லாவிட்டால் புது யன்னலிலும் வரும். வெளிப்பக்கம் படிந்தால் பயப்பட ஒன்றுமில்லை, உள்ளே இருக்கும் சூடு வெளியே போகவில்லை, அவ்வளவுதான். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில், எப்படித் துடைத்தாலும் போகாத பனிப்புகார் நின்றால்தான் கண்ணாடியின் ஓரத்தை மூடியிருக்கும் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அப்போதும் பிரேம் நல்லதாக இருந்தால் கண்ணாடி யூனிட்டை மட்டும் மாற்றலாம். எங்கள் வீட்டு மேல்மாடியில் இரண்டு யன்னல் இப்படிப் பனிப்புகார் பிடித்தபோது, வந்த விற்பனையாளர் ஒன்பதையும் மாற்றத்தான் வேண்டும் என்று நின்றார். கடைசியில் பக்கத்து ஊர் கண்ணாடிக்காரர் ஒருவர் அந்த இரண்டு யூனிட்டையும் ஒரே காலையில் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த விற்பனையாளர் எங்கள் சோபாவில் மூன்று மணித்தியாலம் இருந்தார். 14,000 பவுண்டில் தொடங்கினார், மனேஜருக்கு போன் எடுத்தார், பிறகு இன்றிரவே கையெழுத்து வைத்தால் 7,800 என்றார். ஒரே இரவில் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைகிற விலை முதலிலேயே உண்மையான விலை இல்லை. எனக்குக் கவலை எல்லாம் தனியாக இருக்கும் அம்மா அப்பாமார் பற்றித்தான்: வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, இவ்வளவு நேரம் மினக்கெட்ட மனிசரை எப்படி வெறுங்கையோடு அனுப்புவது என்று மனம் கேட்காமல் கையெழுத்து வைத்துவிடுவார்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் ஒருவரையும் உள்ளே எடுக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள். 14 நாளுக்குள் ரத்துச் செய்யலாம்தானே என்றும் நம்பி இருக்காதீர்கள். அளவெடுத்துச் செய்கிற பொருளுக்கு அந்த உரிமை இல்லாமல் போகலாம், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலே வாசியுங்கள்.

விற்பவர் ஒருவர், அளவெடுக்க வருபவர் இன்னொருவர், பூட்ட வருபவர் மூன்றாமவர். முதலாமவர் வாயால் சொன்னது மூன்றாமவர் காதுக்குப் போகவே போகாது. அதனால் எல்லாம் எழுத்தில் வேண்டும். குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள், அதில் ஒன்றாவது உள்ளூர்ச் சின்ன நிறுவனமாக இருக்கட்டும், மூன்று பேரிடமும் ஒரே விவரத்தைக் கேளுங்கள். யூ-வால்யூ (யன்னல் வழியே சூடு வெளியேறும் அளவு, குறைந்தால் நல்லது) 1.4 அல்லது அதற்குக் கீழே, இல்லாவிட்டால் எனர்ஜி ரேட்டிங் பி அல்லது அதற்கு மேலே: இங்கிலாந்தில் 2022 ஜூனிலிருந்து மாற்று யன்னல்களுக்கு இதுதான் கட்டட விதி. தரையிலிருந்து 800 மில்லிமீட்டருக்குக் கீழே வரும் கண்ணாடி சேஃப்டி கிளாஸாக இருக்க வேண்டும். டிரிக்கிள் வென்ட் (யன்னல் மூடியிருந்தாலும் காற்றுப் போகிற சின்னத் துவாரம்) இருக்கிறதா, மேல்மாடி அறை யன்னல் தீ விபத்தில் ஆள் வெளியேறும் அளவுக்குத் திறக்குமா, பழைய யன்னலை அகற்றுவதும் உடைந்த பிளாஸ்டரைப் பூசுவதும் விலைக்குள் அடக்கமா என்பதும் தாளில் இருக்கட்டும். வாட் (VAT) வரி 20 சதவீதம் சேர்த்த விலையா என்றும் கேளுங்கள். வாட் சலுகை இன்சுலேஷன், சோலார் பேனல் போன்றவற்றுக்குத்தான், யன்னலுக்கு இல்லை.

1930களில் கட்டிய, முன்னால் பே விண்டோ (சுவரை விட்டு வெளியே தள்ளி நிற்கும் யன்னல்) வைத்த வீடு என்றால் இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: மேலே உள்ள பாரத்தை இப்போது எது தாங்குகிறது? பல வீடுகளில் பழைய மரப் பிரேம்தான் மேல்மாடி பே விண்டோவையும் கூரையையும் தாங்கிக்கொண்டு நிற்கும். அதை எடுத்துவிட்டு வெறும் பிளாஸ்டிக் பிரேமை வைத்தால் காலப்போக்கில் மேற்பகுதி இறங்கும், யன்னல் இறுகும், சுவரில் வெடிப்பு வரும். மூலைகளில் பாரம் தாங்கும் தூண் (bay pole) போடுவீர்களா, எங்கே போடுவீர்கள் என்று கேட்டால் வேலை தெரிந்தவர் உடனே விளக்குவார். மழுப்புகிறவரை விட்டுவிடுங்கள்.

பிளாட் என்றால் லீஸைப் பாருங்கள், யன்னல் ஃப்ரீஹோல்டருக்கு (கட்டடத்தின் சொந்தக்காரருக்கு) உரியதாக இருக்கலாம். கன்சர்வேஷன் ஏரியா (பழைய தோற்றத்தைப் பாதுகாக்கும் பகுதி) என்றால் முதலில் கவுன்சிலிடம் கேட்டுவிடுங்கள்.

முழுக்காசையும் முன்னுக்குக் கொடுக்க வேண்டாம். டிப்பாசிட்டைக் கிரெடிட் கார்ட்டில் கட்டுங்கள். வேலையின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை என்றால், அதில் ஒரு பகுதியைக் கார்ட்டில் கட்டினாலும் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் (Consumer Credit Act) 75ஆம் பிரிவின்படி முழு வேலைக்கும் கார்ட் நிறுவனமும் பொறுப்பு. பத்து வருட கேரண்டி என்று சொன்னால் அது இன்சூரன்ஸ் பின்னால் இருக்கிற கேரண்டியா என்று பாருங்கள். கம்பனியே மூடிவிட்டால் அவர்களின் வெறும் தாளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பூட்டுகிற நாளில் வீட்டில் நில்லுங்கள். பிரேமைச் சுவரில் திருகாணி போட்டு இறுக்குகிறார்களா, இல்லை ஃபோமை மட்டும் அடித்துவிட்டு மேலே டிரிம் (ஓரப்பட்டி) ஒட்டி மறைக்கிறார்களா என்பதை டிரிம் ஒட்ட முன்னரே பார்க்க வேண்டும், பிறகு தெரியாது. கடைசிப் பணத்தைக் கொடுக்க முன்னர் ஒவ்வொரு யன்னலையும் திறந்து மூடிப் பூட்டிப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று கீறல் தெரிகிறதா என்று பாருங்கள். குறை இருந்தால் படம் எடுத்து ஈமெயிலில் அனுப்புங்கள், போனில் மட்டும் கதைத்துவிட்டு விடாதீர்கள்.

ஃபென்சா, செர்டாஸ் போன்ற, தன் வேலைக்குத் தானே சான்று கொடுக்க நிறுவனத்துக்கு அனுமதி தருகிற திட்டத்தில் பதிந்த நிறுவனம் என்றால், கட்டட விதிப்படி செய்தது என்ற சான்றிதழ் வேலை முடிந்தபின் வரும், இல்லாவிட்டால் நீங்களே கவுன்சில் பில்டிங் கண்ட்ரோலிடம் ஒப்புதல் எடுக்க வேண்டும். வீடு விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் இதைக் கேட்பார். சில வாரத்தில் அது வரவில்லை என்றால் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள், வந்ததும் கேரண்டித் தாளையும் சேர்த்து வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.