அஞ்சறைப் பெட்டியில் கேரியோஃபிலீனை மோந்து பழகுவது எப்படி?

கஞ்சாவின் மணத்துக்குக் காரணம் போதை தரும் டி.எச்.சி. என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வாசனை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. மணம் பெரும்பாலும் டெர்ப்பீன்களுடையது, அதாவது செடிகளில் இருக்கும் எளிதில் ஆவியாகும் வாசனைப் பொருள்களுடையது. அதில் மிளகு நெடியும் காய்ந்த மரத்தின் வாசனையும் கலந்து வந்தால் அங்கே பீட்டா-கேரியோஃபிலீன் என்ற டெர்ப்பீன் இருக்கிறது. 2018-இல் கஞ்சாவைச் சட்டப்படி அனுமதித்த கனடாவில் பல பொட்டலங்களின் மேல் இந்தப் பெயரைப் பார்க்கலாம். நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கஞ்சா குற்றம். பரவாயில்லை, அதே பொருள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது, மூக்கைப் பழக்க அது போதும்.

முழு மிளகு ஒரு ஸ்பூன் எடுங்கள். பாக்கெட் மிளகுத்தூள் வேண்டாம், அதில் பாதி மணம் எப்போதோ பறந்திருக்கும். சின்ன உரலில் ஒன்றிரண்டாகத் தட்டி உடனே மோந்து பாருங்கள். எலுமிச்சைத் தோல் மாதிரியும் பைன் மரம் மாதிரியும் சுரீரென்று ஏறுவது லிமோனீன், பைனீன் வகையறா. அப்படியே தட்டில் பரப்பிவிட்டுப் போய் வேறு வேலையைப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து மோந்தால் அந்தச் சுரீர் அடங்கியிருக்கும், அதற்குக் கீழே பழைய மரப்பெட்டியைத் திறந்ததுபோல் மந்தமாக ஒரு வாசனை நிற்கும். நாம் தேடியது அதுதான். லிமோனீன் மூலக்கூறில் 10 கார்பன் அணுக்கள், கேரியோஃபிலீனில் 15, கனமான ஆள் என்பதால் மெதுவாகத்தான் கிளம்புகிறார். கஞ்சா மொட்டை உலர்த்தும்போதும் இலேசானவைதான் முதலில் போகும், அதனால் நாள்பட்ட சரக்கில் மிளகு வாசனை தூக்கலாகத் தெரியும்.

ஆர்வத்தில் மிளகைக் கடித்துவிடாதீர்கள். அந்தக் காரம் பைப்பரின், அது வேறு கதை, கண்ணில் நீர் வந்தபிறகு மூக்கு எதற்கும் உதவாது.

அடுத்தது கிராம்பு. இது கொஞ்சம் கஷ்டம், ஏனென்றால் பல் டாக்டர் கிளினிக் வாசனை அடிக்கும் யூஜினால்தான் கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு, கேரியோஃபிலீன் அதன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. மிளகில் பழகிய மூக்குக்குத்தான் பிடிபடும். அப்புறம் துளசி, கறிவேப்பிலை, கொய்யா இலை என்று ஒவ்வொன்றாகக் கசக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிடுங்கள். நடுவில் மூக்கு மரத்துப்போனால் உங்கள் சட்டைக் கையையே மோந்துகொள்ளலாம், எனக்கு அது வேலை செய்கிறது.

சமையலில் இந்த மணத்தைப் பிடித்துவைக்க நெய் வேண்டும். இது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும், வெண்பொங்கலுக்கு மிளகை நெய்யில் பொரிப்பது சும்மா இல்லை. இன்னொன்று, இணையத்தில் பல இடங்களில் இதன் கொதிநிலை 130 டிகிரி என்று போட்டிருப்பார்கள். அது அழுத்தத்தைக் குறைத்து அளந்தது, சாதாரணமாக 250 டிகிரிக்கு மேல்தான்.

2008-இல் வந்த ஓர் ஆய்வு, கேரியோஃபிலீன் உடலில் சிபி2 என்ற கன்னாபினாய்டு ஏற்பியில் (கஞ்சாப் பொருள்கள் வந்து ஒட்டும் இடங்களில் ஒன்று) போய் ஒட்டுகிறது என்று காட்டியது. போதைக்குக் காரணம் சிபி1 என்ற வேறோர் ஏற்பி, அதனால் மிளகு ரசம் குடித்து யாரும் மிதக்கப் போவதில்லை.

கஞ்சாவின் அந்த ஸ்கங்க் நாற்றத்தை (ஸ்கங்க் என்பது நாற்றத்தைப் பீய்ச்சும் ஒரு விலங்கு) மட்டும் மிளகிலோ கிராம்பிலோ தேடாதீர்கள். அது டெர்ப்பீனே இல்லை, கந்தகச் சேர்மம். அந்தக் குடும்பத்தின் சாடை தெரிய வேண்டுமென்றால் பெருங்காய டப்பாவைத் திறங்கள்.